சைல்ட் ரெக்கார்டுக்குப் பேரன்ட் கிடைக்கவில்லையா? ஆர்க் விட்டு ஆர்க் டேட்டா ஏற்றும்போது வரும் பிழைகளும் ஏபிஐ தேர்வும்

வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளில் புரொடக்‌ஷனிலிருந்து சாண்ட்பாக்ஸுக்கோ (நிஜ அமைப்பின் சோதனைப் பிரதி), இரண்டு ஆர்க்குகளை (ஒரு நிறுவனத்தின் தனி சேல்ஸ்ஃபோர்ஸ் அமைப்பு) ஒன்றாக்கும்போதோ, அக்கவுன்ட், கான்டாக்ட், ஆப்பர்ச்சுனிட்டி என்று ஒன்றோடொன்று பிணைந்த ரெக்கார்டுகளை நகர்த்த வேண்டி வரும். மேலே இருக்கும் அக்கவுன்ட் பேரன்ட், அதைச் சுட்டும் கான்டாக்ட் சைல்ட். எந்த ஏபிஐ (நிரல் வழியாக டேட்டாவை ஏற்றும் வழி) என்று கேட்டால் உடனே வரும் எதிர்க்கேள்வி, "எத்தனை ரெக்கார்டு?" 2,000-க்கு மேல் என்றால் பல்க் (கோப்பாக மொத்தமாக ஏற்றுவது), அதற்குக் கீழே என்றால் ரெஸ்ட் (சிறு அழைப்புகளாக ஏற்றுவது). சேல்ஸ்ஃபோர்ஸின் ஆவணமே சொல்லும் கணக்குதான் இது, தப்பில்லை. ஆனால் உறவுள்ள டேட்டாவுக்கு அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: சைல்ட் உள்ளே போகும் நேரத்தில் பேரன்ட்டின் புது ஐடி யாருக்குத் தெரியும்?

மூன்று விதமாகத்தான் பதில் இருக்க முடியும். ஒன்று, ஒரே ரெக்வெஸ்ட்டுக்குள் பேரன்ட்டும் சைல்டும் சேர்ந்தே போகின்றன, ஐடியைச் சர்வரே பார்த்துக்கொள்கிறது. ரெஸ்டில் உள்ள எஸ்ஆப்ஜெக்ட் ட்ரீ, காம்போசிட், காம்போசிட் கிராஃப் எல்லாம் இந்த ரகம். இரண்டாவது, பேரன்ட்டை ஏற்றி, வந்த புது ஐடியைப் பழைய ஐடியோடு சேர்த்து ஒரு பட்டியலாக நாமே வைத்துக்கொள்கிறோம். மூன்றாவது, புது ஐடி யாருக்குமே தெரிய வேண்டாம். இரண்டு பக்கமும் மாறாத ஒரு எக்ஸ்டர்னல் ஐடியை (நாமே ஒரு ஃபீல்டில் வைக்கும் சாவி) வைத்து உறவைச் சொல்லிவிடுகிறோம். கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல், இந்த மூன்றில் எதில் இருக்கிறோம் என்று முடிவு செய்யாமல் இறங்கியதால் வருபவை. உங்கள் திரையில் தெரியும் அறிகுறியைப் பார்த்து நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம்.

அறிகுறி: "இன்வாலிட் கிராஸ் ரெஃபரன்ஸ் கீ"

சிஎஸ்வியில் (காற்புள்ளியால் பிரித்த டேட்டா கோப்பு) பழைய ஆர்க்கின் ஐடி அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் காலம் (கோப்பின் நெடுவரிசை) என்பதை முதல் மூன்று எழுத்தே காட்டிக்கொடுக்கும்: 001 என்றால் அக்கவுன்ட், 003 கான்டாக்ட், 005 யூசர், 006 ஆப்பர்ச்சுனிட்டி, 012 ரெக்கார்டு டைப். பிழைச் செய்தியில் ஐடி வந்திருந்தால் அந்த மூன்றை மட்டும் பாருங்கள்.

001, 003 என்று வந்தால் பேரன்ட் மேப்பிங் விட்டுப்போயிருக்கிறது. 012 வந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். புரொடக்‌ஷனில் ஏற்கெனவே இருந்த ரெக்கார்டு டைப், சாண்ட்பாக்ஸை ரெஃப்ரெஷ் செய்யும்போது அதே ஐடியோடு வந்துவிடும். சாண்ட்பாக்ஸில் புதிதாக உருவாக்கி டிப்ளாய் செய்ததற்கு மட்டும் அந்தப் பக்கம் வேறு ஐடி. அதனால் பத்து ரெக்கார்டு டைப்பில் எட்டு ஒழுங்காக ஏறும், இரண்டு விழும். "நேற்று வரை ஓடியதே" என்று எல்லோரும் பெர்மிஷனைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். ரெக்கார்டு டைப்பை ஒருபோதும் ஐடியால் நகர்த்தாதீர்கள். டெவலப்பர் நேமை (ரெக்கார்டு டைப்பின் உள்பெயர்) எடுத்து, போய்ச் சேரும் ஆர்க்கில் க்வெரி போட்டு அங்குள்ள ஐடியை வாங்குங்கள்.

005 என்றால் ஓனர். சாண்ட்பாக்ஸில் யூசர்நேமின் வாலில் சாண்ட்பாக்ஸின் பெயர் ஒட்டிக்கொள்ளும், மின்னஞ்சலில் ".இன்வாலிட்" சேர்ந்துவிடும். எனவே மின்னஞ்சலை வைத்து யூசரைப் பொருத்தும் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் எல்லோரையும் தவறவிடும். பணியாளர் எண் மாதிரி ஒன்று யூசர் ரெக்கார்டில் இருந்தால் அதை வைத்துப் பொருத்துங்கள். "ஆபரேஷன் பெர்ஃபார்ம்ட் வித் இன்ஆக்டிவ் யூசர்" என்று வந்தால் அது வேறு விஷயம்: ஐடி சரி, ஆள்தான் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அறிகுறி: "ஃபாரின் கீ எக்ஸ்டர்னல் ஐடி நாட் ஃபவுண்ட்"

நீங்கள் மூன்றாவது வழியில் இருக்கிறீர்கள், நல்ல வழிதான். கான்டாக்ட் சிஎஸ்வியின் தலைப்பில் அக்கவுன்ட்ஐடி என்று போடாமல் "அக்கவுன்ட்.லெகசி_ஐடி__சி" என்று போட்டிருப்பீர்கள்; கஸ்டம் உறவு என்றால் "பேரன்ட்__ஆர்.லெகசி_ஐடி__சி". சர்வர் அந்த மதிப்பைப் பேரன்ட்டில் தேடியது, கிடைக்கவில்லை.

முதல் சந்தேகம் பேரன்ட் ஜாப்பின் (பேரன்ட் கோப்பை ஏற்றிய வேலை) மீது. பல்க் ஏபிஐ 2.0-இல் ஜாப்பின் நிலை "ஜாப் கம்ப்ளீட்" என்று வந்தால் வேலை முடிந்தது என்றுதான் பொருள், எல்லா வரியும் ஏறியது என்று பொருள் இல்லை. ஒரு வரி கூட ஏறாத ஜாப்பும் கம்ப்ளீட் என்றே முடியும். ஃபெயில்டு ரிசல்ட்ஸ், அன்ப்ராசஸ்டு ரெக்கார்ட்ஸ் இரண்டையும் இறக்கிப் பாருங்கள். இவை காலியாக இருக்கின்றன என்று ஸ்கிரிப்ட் உறுதி செய்த பிறகே சைல்ட் ஜாப் தொடங்க வேண்டும். நிலையை மட்டும் பார்த்து அடுத்த படிக்குத் தாவும் ஸ்கிரிப்ட்டுகளே இந்தப் பிழையை ஆயிரக்கணக்கில் கொட்டுகின்றன.

பேரன்ட் நிஜமாகவே உள்ளே இருக்கிறது, ஆனாலும் கிடைக்கவில்லையா? சிஎஸ்வியை நடுவில் யாராவது எக்செலில் திறந்து சேமித்தார்களா என்று விசாரியுங்கள். "00457" என்பது 457 ஆகியிருக்கும். எக்செல் எண்களை 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதைவிட நீளமான எண் சாவியின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் உடனே தெரியும். சாவியின் கடைசியில் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

எதை எக்ஸ்டர்னல் ஐடியாக வைப்பது என்று தயங்கினால், மூல ஆர்க்கின் 18 எழுத்து ரெக்கார்டு ஐடியையே வையுங்கள். போய்ச் சேரும் ஆர்க்கில் ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டு, எக்ஸ்டர்னல் ஐடி, யூனிக் என்று இரண்டு டிக். யூனிக் போடாமல் விட்டால் ஒரே சாவி இரண்டு ரெக்கார்டில் உட்கார்ந்துவிடும், பிறகு எது உன் பேரன்ட் என்று சர்வர் முடிவு செய்ய முடியாமல் வேறொரு பிழையைத் தரும். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் எதையும் சாவியாக்காதீர்கள், யாராவது திருத்துவார்கள்.

அறிகுறி: பிழையே இல்லை, ஆனால் சைல்ட் வேறொரு பேரன்ட்டின் கீழ் இருக்கிறது

இருப்பதிலேயே மோசமானது இதுதான். சிவப்பு எழுத்து எதுவும் வராது. யாரோ ஒரு பயனர் "இந்த அக்கவுன்ட்டில் எங்களுக்குத் தெரியாத ஆட்கள் இருக்கிறார்களே" என்று சொல்லும்போதுதான் வெளியே வரும்.

பெரும்பாலும் இரண்டாவது வழியில், அதாவது பழைய ஐடி–புது ஐடி பட்டியலை நாமே பராமரிக்கும்போது இது நடக்கும். இரண்டு இடத்தில் தேடுங்கள்.

முதலிடம் விலுக்கப் (பட்டியலில் ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் எக்செல் சூத்திரம்). சேல்ஸ்ஃபோர்ஸ் ரிப்போர்ட்டிலிருந்து ஐடியை எக்ஸ்போர்ட் செய்தால் 15 எழுத்துதான் வரும். அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கடைசி எழுத்து பெரிய "ஏ" என்றால் ஒரு அக்கவுன்ட், சிறிய "ஏ" என்றால் முற்றிலும் வேறு அக்கவுன்ட். எக்செலின் விலுக்கப்புக்கோ இரண்டும் ஒன்றுதான். பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடும். ஒருசேர உருவாக்கப்பட்ட ரெக்கார்டுகளின் ஐடிகள் அடுத்தடுத்து இருப்பதால் இந்த மோதல் அபூர்வமானதும் அல்ல. 18 எழுத்து ஐடியில் இருக்கும் கூடுதல் மூன்று எழுத்தே இந்த வேறுபாட்டைச் சுமக்கத்தான். ஏபிஐ வழியாக, டேட்டா லோடர் (டேட்டாவை ஏற்றி இறக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் கருவி) வழியாக எடுத்தால் 18 வரும். ரிப்போர்ட்டை விட்டு வேறு வழியில்லை என்றால் கேஸ்சேஃப்ஐடி ஃபார்முலாவில் ஒரு ஃபீல்டு செய்து அதை ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாமிடம் வரிசை. ரெஸ்டில் ஒரே அழைப்பில் பல ரெக்கார்டுகளை அனுப்பும் வழிக்குக் கலெக்‌ஷன்ஸ் என்று பெயர். கலெக்‌ஷன்ஸில் 200 ரெக்கார்டு அனுப்பினால் அதே வரிசையில் 200 பதில் வரும். பழைய பல்க் ஏபிஐயிலும் ஒவ்வொரு பேட்ச்சின் (சிறு தொகுதியின்) பதிலும் அனுப்பிய வரிசையிலேயே இருக்கும். இதற்குப் பழகிய ஸ்கிரிப்ட்டைப் பல்க் 2.0-க்கு மாற்றும்போதுதான் வினை. அங்கே ரிசல்ட் கோப்பு அனுப்பிய வரிசையில் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஏழாவது வரிக்கு ஏழாவது ஐடி என்று ஒட்டினால் உறவுகள் சீட்டுக்கட்டு கலைத்த மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்த ரிசல்ட் கோப்பில் நாம் அனுப்பிய காலங்களும் கூடவே திரும்பி வருகின்றன. லெகசி ஐடியை ஒரு காலமாக அனுப்பியிருந்தால், வரிசையை மறந்துவிட்டு அதை வைத்தே பொருத்தலாம். அவ்வளவு தூரம் வந்த பிறகு, பட்டியலே வேண்டாம், எக்ஸ்டர்னல் ஐடிக்கே போய்விடலாம் என்றுதான் நான் சொல்வேன்.

ஏற்கெனவே தப்பாக ஏறிவிட்டதைத் திருத்தும்போது லுக்கப் உறவு என்றால் சரியான பேரன்ட்டைக் கொடுத்து அப்டேட் செய்தால் போதும். மாஸ்டர்-டீடெய்ல் (பேரன்ட் இல்லாமல் சைல்ட் இருக்க முடியாத உறவு) என்றால் ரீபேரன்டிங் (பேரன்ட்டை மாற்றும்) அனுமதி அந்த ஃபீல்டில் தரப்பட்டிருக்க வேண்டும். இயல்பாக அது அணைந்தே இருக்கும். அணைந்திருந்தால், ஒன்று அமைப்பை மாற்ற வேண்டும், இல்லை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும்.

அறிகுறி: "அனேபிள் டு லாக் ரோ"

சைல்டை ஏற்றும்போது சர்வர் பேரன்ட்டைப் பூட்டுகிறது. மாஸ்டர்-டீடெய்ல் உறவில் கட்டாயம், அக்கவுன்ட்–கான்டாக்ட் மாதிரி இடங்களிலும் அப்படித்தான். பல்க் ஏபிஐ பேட்ச்சுகளை ஒரே நேரத்தில் பக்கவாட்டில் ஓட்டும். ஒரே அக்கவுன்ட்டின் கான்டாக்ட்டுகள் மூன்று பேட்ச்சில் சிதறிக் கிடந்தால் மூன்றும் அதே பூட்டுக்கு நிற்கும். ஒரு பேட்ச் 10 விநாடி வரை காத்திருக்கும், அதற்குள் பூட்டு கிடைக்காவிட்டால் இந்தப் பிழை.

முதல் மருந்து மிக எளியது: சைல்ட் கோப்பைப் பேரன்ட் சாவியின்படி வரிசைப்படுத்துங்கள். ஒரு அக்கவுன்ட்டின் பிள்ளைகள் எல்லாம் ஒரே பேட்ச்சுக்குள் விழுவார்கள், பேட்ச்சுகளுக்குள் சண்டை பெரும்பாலும் நின்றுவிடும். கோப்பை எடுக்கும் க்வெரியிலேயே ஆர்டர் பை போட்டுவிட்டால் தனி வேலையே இல்லை.

வரிசைப்படுத்தியும் வந்தால், சைல்டுக்கு இரண்டு பேரன்ட் இருக்கிறதா பாருங்கள். இரண்டு பேரன்ட்டை இணைக்கும் ஜங்ஷன் ஆப்ஜெக்ட்டில் ஒரு பேரன்ட்டின்படி அடுக்கினால் மற்றது சிதறும். இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாது. எந்தப் பக்கம் பேரன்ட் எண்ணிக்கை குறைவோ அதன்படி அடுக்குங்கள், மோதல் அங்கேதான் கூடுதல். அதுவும் போதவில்லை என்றால் பேட்ச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் சீரியல் மோடு வேண்டும், அது பழைய பல்க் ஏபிஐயில் மட்டும்தான் இருக்கிறது. பல்க் 2.0-இல் அந்தத் தேர்வே கிடையாது. புதியது எப்போதும் மேல் என்று நினைத்து எல்லாவற்றையும் 2.0-க்கு மாற்றும் குழுக்கள் இந்த ஒரு வேலைக்காகப் பழையதைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. டேட்டா லோடர் அமைப்புகளில் சீரியல் மோடுக்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அக்கவுன்ட் தெரியாத கான்டாக்ட்டுகளை எல்லாம் "இதர" என்ற ஒரே அக்கவுன்ட்டின் கீழ் தள்ளியிருப்பார்கள். ஒரு பேரன்ட்டின் கீழ் 10,000-க்கு மேல் சைல்ட் போகக் கூடாது என்பது சேல்ஸ்ஃபோர்ஸின் பரிந்துரை. அதைத் தாண்டிய ஆர்க்கில் கோப்பை எப்படி அடுக்கினாலும் அந்த ஒரு அக்கவுன்ட் வழிமறிக்கும். அந்த வரிகளைத் தனிக் கோப்பாகப் பிரித்துச் சீரியலில் கடைசியாக ஏற்றுங்கள், அல்லது "இதர"வைப் பலவாகப் பிரியுங்கள்.

அறிகுறி: பாதி ஏறியது, மறுபடி ஓட்டினால் எல்லாம் இரட்டிப்பாகிறது

இன்சர்ட் பயன்படுத்துகிறீர்கள். அப்சர்ட்டுக்கு மாறுங்கள். எக்ஸ்டர்னல் ஐடி மேல் ஓடும் அப்சர்ட்டை எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான். இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் சேர்க்கும். கலெக்‌ஷன்ஸிலும் அப்சர்ட் உண்டு, ஒரு அழைப்புக்கு 200.

ட்ரீயில் அப்சர்ட் கிடையாது, புதிதாக உருவாக்க மட்டுமே அது. ஆனால் ட்ரீயில் பாதி ஏறும் பிரச்சினையும் இல்லை: ஒரு ரெக்கார்டு விழுந்தால் முழு ரெக்வெஸ்ட்டும் திரும்பப் பெறப்படும், எந்த ரெஃபரன்ஸ் ஐடியில் பிழை என்று பதிலில் வரும். காம்போசிட்டிலும் கலெக்‌ஷன்ஸிலும் ஆல்-ஆர்-நன் என்ற அமைப்பை நாம் இயக்கினால்தான் அப்படி. சொல்லாமல் விட்டால் பாதி ஏறும். காம்போசிட் கிராஃப்பில் ஒவ்வொரு கிராஃப்பும் தனித்தனியாக முழுசாக ஏறும் அல்லது முழுசாக விழும். "ஒரு அக்கவுன்ட் அதன் பிள்ளைகளோடு முழுக் குடும்பமாக வர வேண்டும், ஒன்று விழுந்தால் அந்தக் குடும்பம் மட்டும் நிற்கட்டும், மற்றவை போகட்டும்" என்ற தேவைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. பலர் இதைப் பார்க்காமலே தாண்டிப்போகிறார்கள்.

பல்க்கில் ஆல்-ஆர்-நன் என்ற பேச்சே இல்லை. விழுந்த வரிகளை மட்டும் எடுத்து, காரணத்தைச் சரிசெய்து, அதே சாவியோடு அப்சர்ட் செய்ய வேண்டியதுதான்.

அறிகுறி: சின்னக் கோப்பில் ஓடியது, கொஞ்சம் பெரிதானதும் ரெக்வெஸ்ட்டையே ஏற்கவில்லை

எண்ணிக்கைக் கேள்வி இப்போதுதான் வேலைக்கு வருகிறது. ட்ரீயில் பேரன்ட், சைல்ட் எல்லாம் சேர்த்து 200, ஆழம் 5 நிலை, 5 வகை ஆப்ஜெக்ட். காம்போசிட்டில் 25 துணை ரெக்வெஸ்ட். அதில் 5 வரை க்வெரியாகவோ கலெக்‌ஷன்ஸாகவோ இருக்கலாம். இதை வைத்து ஒரு வித்தை செய்யலாம்: அந்த 5 துணை ரெக்வெஸ்ட் ஒவ்வொன்றிலும் 200 ரெக்கார்டு கொண்ட கலெக்‌ஷன்ஸை வைத்தால் ஒரே அழைப்பில் 1,000. காம்போசிட் கிராஃப்பில் 500 நோடு (துணை ரெக்வெஸ்ட்).

சிஎல்ஐயில் (கட்டளைவரிக் கருவி) டேட்டா இம்போர்ட் ட்ரீ கட்டளை பயன்படுத்துகிறவர்களும் இந்த 200-இல் முட்டக்கூடும், உள்ளே ஓடுவது அதே ட்ரீ ஏபிஐதான். டெவலப்பர் சாண்ட்பாக்ஸுக்கு மாதிரி டேட்டா போட அந்தக் கட்டளை அருமை. அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

"ரெக்வெஸ்ட் லிமிட் எக்சீடட்" என்று வந்தால் 24 மணி நேர அழைப்புக் கணக்கு தீர்ந்துவிட்டது. ரெக்கார்டுக்கு ஒரு அழைப்பு என்று லூப் போட்டிருப்பீர்கள். முழு காம்போசிட்டும் ஒரே அழைப்பாகத்தான் எண்ணப்படும் என்பதால் அங்கேயே நிறைய மிச்சம்.

"ஸ்டோரேஜ் லிமிட் எக்சீடட்" என்றால் எந்த ஏபிஐயும் காப்பாற்றாது. டெவலப்பர் சாண்ட்பாக்ஸில் டேட்டா இடம் 200 எம்பி. பெரும்பாலான ரெக்கார்டுகள் அளவு எதுவானாலும் 2 கேபி என்றே கணக்கிடப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு லட்சம் ரெக்கார்டில் நிரம்பிவிடும்.

அறிகுறி: அக்கவுன்ட்டுக்கு மேல் அக்கவுன்ட் இருக்கும் இடத்தில் மட்டும் விழுகிறது

தன் வகையையே பேரன்ட்டாகக் கொண்ட உறவு இது. தலைமை அக்கவுன்ட், கான்டாக்ட்டின் மேலதிகாரி போன்றவை. கோப்பில் பேரன்ட் மேலே, சைல்ட் கீழே என்று அடுக்கினால் போதும் என்று தோன்றும். பேட்ச்சுகள் பக்கவாட்டில் ஓடும்போது அந்த அடுக்குக்கு மதிப்பில்லை. இரண்டு சுற்று போங்கள். முதல் சுற்றில் பேரன்ட் காலமே இல்லாமல் எல்லோரையும் ஏற்றுங்கள். இரண்டாம் சுற்றில் இரண்டே காலம்: லெகசி_ஐடி__சி, பேரன்ட்.லெகசி_ஐடி__சி. அப்சர்ட். அக்கவுன்ட்டில் "முதன்மைக் கான்டாக்ட்" என்று ஒரு லுக்கப் இருந்து இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தாலும் இதே இரண்டு சுற்றுதான்.

அறிகுறி: ஜாப் வெற்றி, ஆனால் பழைய பேரன்ட் அப்படியே இருக்கிறது

உறவை நீக்க நினைத்து அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பீர்கள். பல்க்கில் காலிக் கட்டம் என்றால் "தொடாதே" என்று பொருள். நீக்க வேண்டுமானால் "#என்/ஏ" என்று அங்கே எழுத வேண்டும், ஆங்கில எழுத்தில்தான்.

அறிகுறி: லைன் எண்டிங் பிழை, ஒரு வரி கூட ஏறவில்லை

விண்டோஸில் செய்த சிஎஸ்வி. பல்க் 2.0 ஜாப் உருவாக்கும்போது லைன் எண்டிங்கை (வரி முடியும் குறி) சொல்லாவிட்டால் எல்எஃப் என்று எடுத்துக்கொள்ளும். சிஆர்எல்எஃப் என்று ஜாப்பிலேயே குறிப்பிடுங்கள்.

அறிகுறி: "டூ மெனி எஸ்ஓக்யூஎல் க்வெரீஸ்: 101"

ஏபிஐ மேல் பழி போடாதீர்கள், ரெக்கார்டு சேமிக்கும்போது தானாக ஓடும் அங்குள்ள ட்ரிகரோ ஃப்ளோவோதான் லூப்புக்குள் க்வெரி போடுகிறது. ஒரு ஃபார்மில் ஒரு ரெக்கார்டாகச் சேமித்தபோது தெரியாதது, பல்க்கில் 200 ரெக்கார்டு சேர்ந்து ட்ரிகருக்குள் வரும்போது தெரிகிறது. டேட்டா லோடரில் பேட்ச் அளவைக் குறைத்தால் தற்காலிகமாக ஓடும். ஆனால் பேட்ச் சிறிதாகச் சிறிதாக பேட்ச் எண்ணிக்கை கூடும், மேலே சொன்ன லாக் ரோ பிழை திரும்பி வரும். ட்ரிகரைத் திருத்த நேரமில்லை என்றால் டேட்டா ஏற்றும் யூசருக்கு மட்டும் அதைத் தாண்டிப்போக வழி செய்யும் ஒரு கஸ்டம் பெர்மிஷனை வைத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஃப்ளோக்களுக்கும் முதல் ஜாப்புக்கு முன்பே இதே பெர்மிஷனைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

உருவாக்கிய தேதி இன்றைய தேதியாக விழுகிறது என்று பிறகு புகார் வந்தால், அதை அப்டேட்டில் திருத்த முடியாது. "செட் ஆடிட் ஃபீல்ட்ஸ்" பெர்மிஷனை முன்கூட்டியே கொடுத்து, முதல் முறை ரெக்கார்டு உருவாகும்போதே கிரியேட்டட் டேட்டைக் காலமாக அனுப்பியிருக்க வேண்டும். அப்சர்ட்டின் இரண்டாம் ஓட்டத்தில் ரெக்கார்டு ஏற்கெனவே இருப்பதால் அந்தக் காலம் பிழை தரும். மறு ஓட்டத்துக்கான கோப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.